ஸ்போர் கிரியேச்சர் கிரியேட்டர்: உறுப்புகளை விடுங்கள், முதுகெலும்பைப் பிடியுங்கள்

கேள்வி இதுதான்: "ஸ்போர் என்ற கணினி விளையாட்டில் நாமே கற்பனை உயிரிகளைச் செய்ய உதவும் கிரியேச்சர் கிரியேட்டர் கருவியை இறக்கிச் செய்து பார்த்தேன். உறுப்புகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் என்ன செய்தாலும் களிமண் உருண்டையில் கை கால் குத்திவைத்த மாதிரிதான் வருகிறது, ஏன்? அதைவிட ஆச்சரியம், அந்த உருண்டையும் நடக்கிறது, ஆடுகிறது. அது எப்படி? இதற்காக முழு விளையாட்டையும் வாங்கலாமா?"

மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

கருவியைத் திறந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். நேராக உறுப்புப் பட்டியலுக்குப் போய் வாய் ஒன்று, கண் இரண்டு, கொம்பு நாலு என்று எடுத்து நடுவில் நிற்கும் உடம்பில் ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். உடம்பு மட்டும் தொடக்கத்தில் கொடுத்த அதே உருண்டையாகவே நிற்கிறது. அப்புறம் எவ்வளவு அழகான உறுப்பை ஒட்டினாலும் ஒட்டியது ஒட்டியதாகத்தான் தெரியும். இந்தக் கருவியில் உயிரி என்பது முதுகெலும்புதான். மற்றதெல்லாம் அதன்மேல் ஏறுகிற அலங்காரம். இது என் ரசனை சார்ந்த விஷயம் இல்லை, கருவியைக் கட்டியிருக்கும் விதமே அப்படி.

சுருக்கமாகப் பின்னணி. சிம்சிட்டியையும் தி சிம்ஸையும் தந்த வில் ரைட்டின் தலைமையில் மேக்சிஸ் குழு உருவாக்கியது ஸ்போர். விளையாட்டு 2008 செப்டம்பரில் வந்தது. வடிவமைப்புக் கருவியை மட்டும் பிரித்து ஜூன் மாதமே வெளியிட்டுவிட்டார்கள். இலவசப் பதிப்பில் உறுப்புகளில் கால்வாசிதான் கிடைத்தது, முழுதும் வேண்டுமென்றால் அப்போது பத்து டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்க வேண்டியிருந்தது. விளையாட்டு கைக்கு வருவதற்குள் மக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரிகளைச் செய்து பதிவேற்றிவிட்டார்கள். அவற்றில் ஆபாச உருவங்களும் வரிசைகட்டி வந்தன. இப்படி ஒரு கருவியைப் பொதுமக்கள் கையில் கொடுத்தால் முதல் வாரத்தில் என்ன நடக்கும் என்று யாராவது முன்கூட்டியே யோசித்திருக்கலாம்.

இப்போது உடம்புக்கு வருவோம். திரையில் நீங்கள் பார்க்கும் தோல், யாரோ ஓவியர் முன்கூட்டியே செய்துவைத்த உருவம் இல்லை. உள்ளே முதுகெலும்புக் கணுக்கள் ஒரு சங்கிலியாக இருக்கின்றன, ஒவ்வொரு கணுவையும் சுற்றிக் கோளம் மாதிரி ஒரு பருமன் இருக்கிறது. அருகருகே வரும் கோளங்கள் குழைந்து ஒன்றாகி, இடைவெளி தெரியாத ஒரே தோலாக ஆகிவிடுகின்றன. மெட்டாபால் என்று சொல்லப்படும் இந்த உத்தி கணினி வரைகலையில் 1980களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. கை கால்களின் சதையும் இதே முறையில்தான் உருவாகிறது. கண், வாய், கொம்பு, பாதம் ஆகியவை மட்டும் ஓவியர்கள் தனித்தனியாகச் செய்துவைத்த துண்டுகள். அவற்றை உங்களால் பெரிதாக்கலாம், திருப்பலாம், பிடிகளை இழுத்துக் கொஞ்சம் நீட்டலாம், அகலமாக்கலாம். அதற்கு மேல் அவை வளையாது. ஆக, முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே பொருள் அந்தக் கணுச் சங்கிலிதான்.

அதனால் முதல் பத்து நிமிடம் உறுப்புப் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள். உடம்பின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் எலும்புக் கணுக்கள் தெரியும். இரண்டு முனைகளிலும் அம்புக்குறி இருக்கும். அதை வெளியே இழுத்தால் கணுக்கள் கூடும், உள்ளே தள்ளினால் குறையும். நடுவில் உள்ள கணு எதையும் மேலேயோ கீழேயோ இழுத்து உடம்பை வளைக்கலாம். ஒரு கணுவின் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினால் அந்த இடம் மட்டும் பருக்கும் அல்லது மெலியும். இந்த மூன்றே செயல்தான். உங்கள் களிமண் உருண்டைக்கு மருந்து மூன்றாவது செயலில் இருக்கிறது: பருமன் எல்லாக் கணுவிலும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. நாலு கால் விலங்குகளில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டால் நெஞ்சுக்கூடு ஒரு பருமன், இடுப்புக்கு முன்னால் ஒரு ஒடுக்கம், இடுப்பில் மறுபடி ஒரு பருமன், அப்புறம் வால் என்று ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் வந்துவிட்டால் கண்ணே வைக்காமல் பார்த்தாலும் எது தலை, எது பின்புறம் என்று புரிந்துவிடும். கண் வைக்கும் முன்பே அது புரியவில்லை என்றால் கண் வைத்தும் பயனில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனிதர் கழுத்திலும் எலும்புக் கணுக்கள் ஏழே ஏழுதான். அங்கே கணுவின் நீளம்தான் கூடியிருக்கிறது. இந்தக் கருவியில் அது நடக்காது, கழுத்து நீள வேண்டுமானால் கணுக்கள் கூட வேண்டும். அன்னப் பறவையின் கழுத்து அப்படித்தான், இருபதுக்கு மேற்பட்ட கணுக்கள். ஸ்போரில் நீளக் கழுத்து வைத்த எதுவும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி விறைப்பாக நிற்காமல் அன்னம் மாதிரி நெளிவது இதனால்தான். அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் நெளிவுக்கு ஏற்ற உயிரியாகச் செய்வது சுலபம்.

அடுத்து, நடக்கிற அதிசயம். சாதாரணமாக ஒரு விளையாட்டில் ஒரு பாத்திரம் நடக்க வேண்டுமானால், அதன் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு ஒரு அனிமேஷன் கலைஞர் ஒவ்வொரு அசைவையும் செய்து வைப்பார். ஸ்போரில் அது முடியாத காரியம். நீங்கள் மூன்று கால் வைப்பீர்களா, எட்டு வைப்பீர்களா, வாயை வயிற்றில் ஒட்டுவீர்களா என்று கலைஞருக்குத் தெரியாது. அதனால் கிறிஸ் ஹெக்கரும் அவர் குழுவினரும் வேறு வழி கண்டார்கள், அதை 2008ல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அவர்கள் முறையில் கலைஞர் "இந்த எலும்பை இத்தனை டிகிரி திருப்பு" என்று சொல்வதில்லை. "பிடிக்கிற உறுப்பு எது இருக்கிறதோ, அதை வாய்க்குக் கொண்டுபோ" என்பது போலப் பொதுப்படையாகச் சொல்லிவைக்கிறார். பிடிக்கிற உறுப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், வாய் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் உங்கள் உயிரி திரைக்கு வரும் நேரத்தில் நிரல் கணக்குப் போட்டுக்கொள்கிறது. முனை எங்கே போக வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ப நடுவில் உள்ள மூட்டுகள் எப்படி மடங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை இது. அனிமேஷன் உலகில் இன்வர்ஸ் கைனமேடிக்ஸ் என்பார்கள். கலைஞர்கள் ஓர் அசைவைச் செய்யும்போதே அது வெவ்வேறு உடல்வாகு கொண்ட பல உயிரிகளில் எப்படி வருகிறது என்று பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள முடிந்ததாம். இல்லாவிட்டால் இந்த வேலை ஒப்பேறியிருக்காது.

நடைக்குத் தனிக் கணக்கு. எத்தனை கால், எங்கெங்கே இருக்கின்றன, எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்து, எது எப்போது தூக்கி எப்போது வைக்க வேண்டும் என்ற தாளத்தை நிரலே போட்டுக்கொள்கிறது. கால் இல்லை என்றால் புழு மாதிரி ஊர்ந்து போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் எடை, சமநிலை எதற்கும் பெரிய இடமில்லை. முன்பக்கம் மலை மாதிரி தலையை வைத்துவிட்டு, பின்பக்கம் இரண்டு குச்சிக் கால் மட்டும் வைத்தாலும் உங்கள் உயிரி குப்புற விழாது, ஜம்மென்று நடக்கும். ஆனால் பார்ப்பவர் கண் அதை ஏற்காது. நிஜ விலங்குகளைப் பார்த்துப் பழகிய கண் ஆயிற்றே! கருவி உங்களைத் திருத்தாது என்பதால் சமநிலையை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். "நடக்கிறது, ஆனால் ஏதோ பொம்மை மாதிரி இருக்கிறது" என்று தோன்றும் உயிரிகளில் முக்கால்வாசிக்குக் காரணம் இதுதான்.

ஒன்றைச் செய்துகாட்டுகிறேன், அப்போது எல்லாம் விளங்கும். சதுப்பு நிலத்தில் நின்று மீன் பிடிக்கிற மாதிரி நீளக் கழுத்தும் இரண்டு காலும் உள்ள ஒரு உயிரி என்று வைத்துக்கொள்வோம். முன் அம்புக்குறியை நன்றாக வெளியே இழுங்கள். வரும் புதுக் கணுக்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கி, ஒரு வளைவு மேலே போய் மறுபடி முன்னால் சாய்கிற மாதிரி வையுங்கள். அந்தக் கழுத்துக் கணுக்களின் மேல் சக்கரத்தை உருட்டி மெலிய விடுங்கள், கடைசிக் கணுவை மட்டும் கொஞ்சம் பருமனாக வையுங்கள், அதுதான் தலை. உடம்பின் நடுவில் இரண்டு கணுவை நன்றாகப் பருக்க விடுங்கள். பின் அம்புக்குறியை இழுத்து ஒரு வால். வால் தேவையா என்றால், இந்த உயிரிக்குக் கட்டாயம் தேவை. முன்னால் அவ்வளவு கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் எதிர் எடை தெரிய வேண்டும்.

இப்போது கால். பலரும் கால்களை உடம்பின் பின்கோடியில் ஒட்டுவார்கள். கழுத்து, உடல், வால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எடையின் நடு எங்கே விழும் என்று ஒரு நிதானம் வைத்து, அதற்கு நேர் கீழே ஒட்டுங்கள். பிறகு மூட்டுகளை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பறவைகளுக்கு முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கால். நிஜ முழங்கால் மேலே, இறகுக்குள் மறைந்திருக்கிறது. அதனால் மேல் மூட்டை முன்னால் கொண்டுவந்து உடம்போடு ஒட்டி வையுங்கள், கீழ் மூட்டைப் பின்னால் தள்ளுங்கள், பாதம் மறுபடி முன்னால் வரட்டும். ஆங்கில எழுத்து இசட் மாதிரி ஒரு மடிப்பு கிடைக்கும். தொடையில் சக்கரத்தை உருட்டிச் சதை வையுங்கள், கீழே போகப் போக மெலிய விடுங்கள். இப்போது டெஸ்ட் டிரைவுக்குப் போய் நடக்கவிட்டுப் பாருங்கள். மடிப்பு இருப்பதால் அடி எடுத்துவைக்கும்போது கால் மடங்கி நீள்வது தெரியும், கழுத்து நடைக்கு ஏற்ப ஆடும். கம்பு மாதிரி நேராக வைத்த காலில் இது கிடைக்காது. நேரான காலுக்கு மடங்க இடமில்லை, அதனால் அடிகள் வெட்டி வெட்டி விழும்.

கண்ணும் வாயும் வைக்காமலே இந்த நிலைக்கு வந்திருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். எனக்கு இதுதான் சோதனை: உறுப்பு எதுவும் இல்லாத வெறும் உடம்பும் காலுமாக டெஸ்ட் டிரைவில் விட்டுப் பார்ப்பது. அது சுவாரசியமாக நடந்தால் மேற்கொண்டு வேலை செய்யலாம். நடை சப்பென்று இருந்தால் அலங்காரத்தில் நேரத்தைச் செலவழிப்பது வீண்.

நான்கு கால் என்றால் முன்னங்கால் ஜோடியும் பின்னங்கால் ஜோடியும் ஒரே வார்ப்பில் இருக்க வேண்டாம். நாய், பூனை, குதிரை எதைப் பார்த்தாலும் முன்காலின் மடிப்பும் பின்காலின் மடிப்பும் வேறு வேறு. ஆறு கால் வைப்பதாக இருந்தால் மூன்று ஜோடியையும் உடம்பின் ஒரே பகுதியில் நெருக்கி ஒட்டிப் பாருங்கள், பூச்சிகளுக்கு அப்படித்தான், ஆறும் மார்புப் பகுதியில்தான் முளைக்கின்றன. உடம்பு முழுக்கப் பரப்பி ஒட்டினால் பூச்சிக் களை வராமல் நீளமான மேசை மாதிரி ஆகிவிடும்.

முகத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேட்டை விலங்குகளுக்குக் கண் பெரும்பாலும் முன்னோக்கி இருக்கும், தூரத்தை அளக்க அது உதவும். இரையாகும் விலங்குகளுக்குப் பக்கவாட்டில், சுற்றிலும் பார்க்க. இந்த ஒரு வித்தியாசத்திலேயே உங்கள் உயிரியின் குணம் பாதி வந்துவிடும். ஒரு பக்கம் வைக்கும் உறுப்பு மறுபக்கம் தானாக வந்துவிடும், நடுக்கோட்டுக்கு இழுத்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகும். ஒற்றைக் கண் வேண்டுபவர்களுக்கு இது போதும். ஒரு உறுப்பைப் பிரதி எடுக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுக்கலாம்.

உயிரி எவ்வளவு சிக்கலானதாக ஆகியிருக்கிறது என்று காட்டும், உறுப்புகள் கூடக் கூட நிரம்புகிற அளவுமானி ஒன்று திரையில் இருக்கும். அது நிரம்பினால் மேற்கொண்டு எதுவும் ஒட்ட முடியாது. புதிதாக வருபவர்கள் அதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். கைதேர்ந்தவர்கள் செய்வதைப் பாருங்கள்: ஒரு உறுப்பைப் பட்டியலில் போட்டிருக்கும் வேலைக்கே பயன்படுத்த வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில்லை. பாதமில்லாத கால் ஒன்றை மெலிய வைத்து வளைத்தால் அது கொம்பு. இரண்டு மூன்றை அடுக்கினால் இறக்கையின் எலும்பு. ஒரு கொம்பை உடம்புக்குள் பாதி புதைத்தால் துருத்தி நிற்கும் விலா. உறுப்புகளைத் தோலுக்குள் அழுத்திப் புதைக்கலாம் என்பதுதான் இந்தக் கருவியில் பலரும் கண்டுகொள்ளாமல் விடும் வசதி. ஒட்டியது போல் தெரியாமல் முளைத்தது போல் தெரிவதற்கு வழி அது.

வண்ணம் பூசுவதில் மூன்று அடுக்கு உண்டு: அடிப்படை நிறம், மேல் பூச்சு, நுணுக்கம். இதுவும் நீங்கள் உருவத்தைச் செய்த பிறகு கணக்கிடப்படுவதுதான். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தோலின் மேல் ஓடி, முதுகுக்கோட்டையும் வயிற்றையும் கை கால்களையும் அடையாளம் கண்டு நிறத்தைத் தீற்றிக்கொண்டே போகின்றன. அதனால்தான் எவ்வளவு கோணலான உடம்பிலும் வரிகள் ஒழுங்காக முதுகைத் தொடர்கின்றன. முதுகு அடர்த்தியாகவும் வயிறு வெளிறியும் இருக்கும் பூச்சைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் பொய்க்காது. மான் முதல் சுறா வரை எத்தனையோ விலங்குகளுக்கு அந்த நிறப் பங்கீடுதான், மேலிருந்து விழும் வெளிச்சத்தில் உருவம் சட்டென்று தெரியாமல் மறைய உதவுகிறது. பளீர் நிறங்களை மொத்த உடம்புக்கும் பூசுவதைவிட மூன்றாவது அடுக்கில் கொஞ்சமாகத் தெறிக்கவிட்டால் நன்றாக இருக்கும்.

செய்ததைச் சேமித்து நண்பருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். உயிரி ஒரு சின்ன பிஎன்ஜி படமாக, மை ஸ்போர் கிரியேஷன்ஸ் என்ற ஃபோல்டரில் விழும். அந்தப் படத்தை இன்னொருவர் தன் கருவிக்குள் இழுத்துப் போட்டால் உயிரி அப்படியே எழுந்து நிற்கும். படத்தோடு வேறு கோப்பு எதுவும் தேவையில்லை. முழு முப்பரிமாண உருவத்தை அப்படியே சேமிப்பதில்லை. எந்த உறுப்பு, எந்த இடத்தில், எந்த அளவில், எந்த நிறத்தில் என்ற செய்முறைக் குறிப்பை மட்டும் சுருக்கி, படத்தின் புள்ளிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு நிற வேறுபாடுகளாக ஒளித்துவைத்திருக்கிறார்கள். இதில் ஆபத்தும் இருக்கிறது. அரட்டைச் செயலிகள் பலவும் அனுப்பும் படத்தைச் சுருக்கி மாற்றிவிடும். படம் பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே இருந்த உயிரி போயிருக்கும். ஜேபெக்காக மாற்றினாலும் அதே கதிதான். ஜிப் கோப்பாகக் கட்டியோ ஆவணமாக இணைத்தோ அனுப்புங்கள்.

சரி, மூன்றாவது கேள்வி. விளையாட்டை வாங்கலாமா?

செல் பருவத்திலிருந்து விண்வெளி வரை ஐந்து கட்டங்கள் கொண்டது ஸ்போர். அதில் இரண்டாவதான உயிரிக் கட்டத்தில்தான் உங்கள் படைப்பு நேரடியாகக் களம் இறங்கும். அங்கேதான் ஏமாற்றமும் காத்திருக்கிறது. இவ்வளவு நேரம் கழுத்து, கால், மடிப்பு, சமநிலை என்று பார்த்துப் பார்த்துச் செய்தோமே, விளையாட்டுக்கு அது எதுவும் பொருட்டில்லை. வேகம் காலின் நீளத்தைப் பொறுத்தது இல்லை, எந்த வகைப் பாதத்தை ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. கடிக்கும் பலம் தாடையின் அளவில் இல்லை, பட்டியலில் எந்த வாயைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. ஒரே திறமைக்குப் பல உறுப்பு ஒட்டினாலும் அவை கூடுவதில்லை, இருப்பதில் உயர்ந்ததுதான் கணக்கு. பத்து மீட்டர்க் கால் வைத்த உயிரியும் தரையோடு தவழும் உயிரியும் ஒரே பாதம் அணிந்தால் ஒரே வேகம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 1994ல் கார்ல் சிம்ஸ் என்பவர் கட்டை கட்டையான மெய்நிகர் உயிரிகளை இயற்பியல் விதிகளுக்குள் விட்டு, நன்றாக நீந்துபவை, நடப்பவை எவையோ அவற்றின் வழித்தோன்றல்களையே தொடரவைத்துப் பரிணமிக்கச் செய்தார். அங்கே வடிவமைப்பாளரே கிடையாது, ஆனால் வடிவம்தான் எல்லாம். ஒரு கட்டை நீளம் மாறினால் நீச்சலே மாறிவிடும். ஸ்போர் இதற்கு நேர் எதிர்: வடிவமைப்பாளர் நீங்கள், உங்கள் வடிவத்துக்கு விளைவு ஒன்றும் இல்லை. பரிணாமத்தைச் சொல்லித்தரும் விளையாட்டு என்று எதிர்பார்த்து வாங்கியவர்கள் இதனால்தான் முகம் சுளித்தார்கள். சயன்ஸ் இதழ் 2008 அக்டோபரில் அறிவியலாளர்களை வைத்து ஸ்போரை மதிப்பிட்டபோது பரிணாமப் பாடத்தில் அது தேறவில்லை.

அந்தக் குறையே கருவிக்கு ஒரு வகையில் லாபம் என்று நான் நினைக்கிறேன். வடிவத்துக்கு விளைவு இருந்திருந்தால் எல்லோரும் அதிக வேகம் தரும் நாலு வடிவங்களையே திரும்பத் திரும்பச் செய்திருப்பார்கள். இங்கே தோற்றுப்போகிற உடம்பு என்று ஒன்று இல்லாததால் துணிந்து கிறுக்குத்தனம் செய்யலாம்.

ஆகவே, உயிரி செய்வதுதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் இலவசப் பதிப்பிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருங்கள். கால்வாசி உறுப்புகளை வைத்து மேலே சொன்ன முதுகெலும்பு வேலை அனைத்தையும் செய்யலாம், நீளக் கழுத்து உயிரியையும் சேர்த்து. பாதம், கண் வகைகள் போதவில்லை என்று நிஜமாகவே கை அரிக்கத் தொடங்கும்போது முழு விளையாட்டை வாங்குங்கள், அதுவும் தள்ளுபடி வரும்போது. கட்டிடம், வாகனம், விண்கலம் செய்யும் எடிட்டர்களும் அதோடு வரும். அறிவியல் சுத்தமாக இருக்க வேண்டும், செல்லின் உள்ளே என்ன வைத்தோமோ அதன்படி அது பிழைக்கவோ சாகவோ வேண்டும் என்று ஆசைப்பட்டால் உங்களுக்கான இடம் ஸ்போர் இல்லை. த்ரைவ் என்று திறமூலமாக ஆர்வலர்கள் கட்டிவரும் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதைப் பாருங்கள். கண்ணுக்கு ஸ்போர் அளவு விருந்து அதில் இருக்காது. தவறாகச் செய்த செல் மட்டும் அங்கே செத்துப்போகும்.